ஜொகூர்க் காட்டில் ஒற்றாடல்

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். பொருட்பாலைக் கற்பிக்கும் ஆசிரியர் பலர் இவ்வதிகாரத்தை விரைந்து கடந்து செல்வதையே கண்டிருக்கிறேன். கல்வி, கேள்வி, அறிவுடைமை என்னும் அதிகாரங்களில் நின்று நிதானித்துப் பேசும் நா, ஒற்றரைப் பற்றிப் பேச வரும்போது சற்றே கூசுகிறது போலும். மாணவர்களோ இந்த அதிகாரத்தைத்தான் விழித்திருந்து கேட்பார்கள். துறவி வேடம் பூண்டு பகைப்புலத்துள் நுழைதல், ஐயுற்றுப் பிடித்து வருத்தினாலும் வாய் திறவாதிருத்தல், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பு நோக்குதல், ஒற்றர்கள் தம்முள் ஒருவரையொருவர் அறியாதபடி ஆளுதல் ஆகிய இவற்றையெல்லாம் வள்ளுவர் ஒரு படைத்தலைவரைப் போல எண்ணிச் சொல்கிறார். இறுதிக் குறளின் கருத்து இது: ஒற்றனுக்குப் பலர் அறியச் சிறப்புச் செய்யலாகாது, செய்யின் அரசன் தன் மறையைத் தானே புறத்தே விட்டவனாவான். இக்கருத்தை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் பிற்பகுதியில் அதற்கு வேலை இருக்கிறது.

ஒற்றாடலை இன்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது குறளன்று, திரைப்படம். 1966இல் ஜெய்சங்கர் நடித்த 'வல்லவன் ஒருவன்', 1968இல் எம்.ஜி.ஆர். நடித்த 'ரகசிய போலீஸ் 115' என்று தொடங்கிய வரிசையில், 2013இல் கமல்ஹாசன் எழுதி, இயக்கி, நடித்த 'விஸ்வரூபம்' வந்தது. நியூயார்க் நகரில் கதக் நடனம் கற்பிக்கும் மென்னடை ஆசிரியர் ஒருவர். அவர் மனைவியே அவர்மேல் ஐயங்கொண்டு ஒரு துப்பறிவாளரை ஏவுகிறார். கடைசியில் அந்நடன ஆசிரியர் இந்திய உளவுத்துறையின் ஆள் என்பது வெளிப்படுகிறது. பயங்கரவாதத்தைப் பொருளாகக் கொண்ட அப்படம் வெளிவருவதற்கே பெரும்பாடுபட்டது. தமிழ்நாட்டில் தடைப்பட்டுச் சில மாற்றங்களோடு பிப்ரவரி 7ஆம் நாள் திரைக்கு வந்தது. மலேசியாவிலும் அவ்வாண்டு ஜனவரியில் அதன் காட்சிகள் நிறுத்தப்பட்டன. படம் நல்லதா, அல்லதா என்பது இங்கு நம் பொருளன்று. கரந்த வேடமும் மாற்றுப்பெயரும் இரட்டை வாழ்வும் காண நியூயார்க் வரை போக வேண்டியதில்லை. சிகாமட்டிலிருந்து கூலாய் வரையுள்ள ரப்பர்த் தோட்டங்களின் விளிம்பிலேயே அவை பன்னிரண்டு ஆண்டுகள் உலவின என்பதே நான் சொல்ல வந்தது.

ஜொகூர், பயங்கரவாதம் என்னும் இரு சொற்களையும் சேர்த்துக் கேட்டால் இளைஞர்களுக்கு வேறு நினைவு வரக்கூடும். சிங்கப்பூர்த் தடுப்புக்காவலிலிருந்து 2008 பிப்ரவரியில் தப்பிய மாஸ் செலாமாட் கஸ்தாரி, ஓராண்டுக்கு மேல் மறைந்திருந்து, 2009 ஏப்ரல் 1ஆம் நாள் ஸ்கூடாய் அருகே ஒரு கம்பத்து வீட்டில் பிடிபட்டார். அது அண்மைச் செய்தி. அதன் ஏடுகள் திறக்கப்பட்டு வரலாறாக எழுதப்படும் காலம் இன்னும் வரவில்லை. நான் சொல்லப் புகுவது 1948க்கும் 1960க்கும் இடைப்பட்ட அவசரகாலத்தை.

1948 ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றே பேராக், ஜொகூர் ஆகிய இரு மாநிலங்களின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டொரு நாளில் அது மலாயாக் கூட்டரசு முழுவதற்கும் பரவியது. போர் என்று சொல்லாமல் அவசரகாலம் என்று சொன்னதற்குக் காரணம், போர் என்று சொன்னால் இலண்டன் காப்புறுதி நிறுவனங்கள் தோட்டச் சேதத்திற்கு ஈடு தரமாட்டா என்பதே என்பர். பெயரிடுவதில் அக்கால ஆட்சியாளர் காட்டிய கருத்து இதனோடு நிற்கவில்லை. காட்டில் இருந்தவர்களை முதலில் 'கொள்ளைக் கூட்டத்தார்' என்றனர். 1952இல் அச்சொல்லைக் கைவிட்டுக் 'கம்யூனிஸ்டுப் பயங்கரவாதிகள்' என்று எழுத ஆணையிட்டனர். கொள்ளையன் என்றால் பொருளுக்காகக் களவு செய்பவன் என்றாகிவிடும்; அரசியல் எதிரியைச் சுட்ட வேறு சொல் வேண்டியிருந்தது. அதே மனிதர்கள் ஜப்பானியர் காலத்தில் பிரிட்டனின் நேச அணியில் இருந்தவர்கள். 1946இல் இலண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்பில் அவர்தம் பிரதிநிதிகள் நடந்து சென்றனர். அவர்களுள் தலைவராயிருந்த சின் பெங்கிற்கு ஓ.பி.ஈ. என்னும் பிரிட்டிஷ் விருதே வழங்கப்பட்டிருந்தது.

ஆறாண்டுக்குள் நண்பன், கொள்ளையன், பயங்கரவாதி என்று மூன்று பெயர். நம்மவர்க்கும் இந்த அனுபவம் உண்டு. பினாங்கில் பயிற்சி பெற்று நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கரைக்கு அனுப்பப்பட்ட வக்கம் அப்துல் காதரும் தோழர்களும் 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் பகைநாட்டு உளவாளிகள் என்று தூக்கிலிடப்பட்டனர். இன்று கேரளத்தில் அவர் விடுதலைத் தியாகி. இந்திய தேசிய இராணுவத்திலிருந்து தொழிற்சங்கத்திற்கு வந்து, மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரான எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரை எப்பெயரால் அழைப்பது என்பதில் நம் வீடுகளிலேயே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

நிற்க. காட்டுப்போரின் முதற் படைக்கலம் துப்பாக்கியன்று; ஒரு துண்டு அட்டை. பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவரும் பதிந்துகொண்டு, புகைப்படமும் பெருவிரல் ரேகையும் உள்ள அடையாள அட்டையைப் பெற வேண்டும் என்று 1948இல் விதித்தனர். இன்று நாம் பையில் வைத்திருக்கும் மைகார்டுக்கு அதுவே மூதாதை. தேசியப் பதிவுத்துறையின் பிறப்பும் அவ்வாண்டிலேதான். அரசின் எண்ணம் எளியது. அட்டை உள்ளவன் ஊரான். அட்டை இல்லாதவன் காட்டான். இதன் ஆற்றலைக் கட்சி உடனே உணர்ந்துகொண்டது. பேருந்துகளை நிறுத்தியும், பால்மர நிரைகளில் வந்து வழிமறித்தும் அட்டைகளைப் பறித்துக் கிழித்தார்கள். அட்டை இல்லாமல் சோதனைச் சாவடிக்குப் போனால் காவலர் பிடிப்பர். அட்டையைக் கொடுக்க மறுத்தால் காட்டுக்காரர் அடிப்பர். ஒரு மனிதன் தான் இன்னான் என்று மெய்ப்பிக்க வேண்டிய கடமை அன்றுதான் நம் நாட்டுச் சாதாரண மக்கள் தலையில் ஏறியது.

ஒற்று என்பது ஒற்றரை மட்டும் தொடுவதன்று. ஒற்று நடக்கும் இடத்தில் ஒற்றரல்லாதாரும் ஒற்றராய்த் தோன்றுவர். புறநானூற்றின் 47ஆம் பாட்டு எழுந்த கதையைத் தமிழாசிரியர்கள் அறிவர். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்று வந்தான் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர்கிழார் பாடி அவனைக் காத்தார். பாடிக் காப்பதற்கு ஒரு கோவூர்கிழார் அங்கே இருந்தார். லாபிஸ் காட்டோரத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த முனியம்மாளுக்கு யார் இருந்தார்கள்?

முனியம்மாள் என்பது நான் ஒரு பேச்சுக்கு இட்ட பெயர். ஆனால் அவள் நிலை கற்பனையன்று. போராளிகளுள் மிகப் பெரும்பான்மையர் சீனர். தமிழரும் மலாய்க்காரரும் மிகச் சிறு பங்கினர். ஆயினும் போர் நடந்த நிலம் ரப்பர்த் தோட்டம். தோட்டத்தில் இருந்தவர் பாதிக்குமேல் நம்மவர். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் படை நடத்திய தளபதி ஹெரால்டு பிரிக்ஸ் 1950 ஏப்ரலில் மலாயாவுக்கு வந்து ஒரு திட்டம் வகுத்தார். அதனை அவர் 1950 ஜூன் 1ஆம் நாள் தென்கோடியாகிய ஜொகூரிலிருந்தே தொடங்கினார். அங்கிருந்து வடக்கு நோக்கித் துடைத்துச் செல்வது நோக்கம். காட்டோரத்தில் சிதறி வாழ்ந்த சீனக் குடியானவர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். இதனைப் பாடநூல்கள் சொல்லும். தோட்டத் தொழிலாளர் இலயங்களும் இவ்வாறே பெயர்க்கப்பட்டு, ஓரிடத்தில் திரட்டப்பட்டு, வேலிக்குள் வைக்கப்பட்டதைப் பாடநூல்கள் ஒரு வரியில் முடித்துவிடும். அவ்வாறு திரட்டப்பட்டவர் தொகையும் பல இலட்சம்.

வேலி என்றால் என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பால் வெட்டுவோர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. விடிவதற்கு முன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாய் ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்து பால் உறையும். ஆனால் ஊரடங்கு நீங்கி, வாயில் திறந்து, ஒவ்வொருவரையும் சோதித்து வெளியே விடுவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். அரை நாழிகைத் தாமதம் என்பது அன்றைய பாலில் குறைவு. பாலில் குறைவு என்பது கூலியில் குறைவு. கையில் கஞ்சிச் சட்டி எடுத்துச் செல்லலாகாது. அரிசி பங்கீடு, டப்பாவில் அடைத்த மீனைக் கடைக்காரர் துளையிட்டுத்தான் விற்க வேண்டும், காட்டில் சேமித்து வைக்க முடியாதபடி. பிற்பாடு சில இடங்களில் வீட்டில் அரிசியே வைத்திருக்கலாகாது என்று பொதுச் சமையல் நடத்திச் சோற்றை அளந்து கொடுத்தார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண் காவலர் வரும்வரை வரிசை நிற்கும். மிதிவண்டிக் குழாய்க்குள்ளும் பால் வாளியின் இரட்டை அடிக்குள்ளும் அரிசி கடத்தியவர் உண்டு என்பது மெய். கடத்தாதவரின் வாளியும் அதனால் ஒவ்வொரு நாளும் கவிழ்க்கப்பட்டது என்பதும் மெய்.

நிரைக்குள் போனால் மறுபுறத்தார். 'மின் யுவான்' என்னும் ஊர்ப்புற அமைப்பே காட்டிலிருந்தோருக்குச் சோறும் சந்தாவும் செய்தியும் திரட்டித் தந்தது. அதில் இருப்பவனுக்குச் சீருடை கிடையாது. பகலில் அவனும் மரம் வெட்டுவான், கடையில் கணக்கெழுதுவான், சில வேளை பக்கத்து இலயத்திலேயே குடியிருப்பான். கொடுத்தால் அவசரச் சட்டப்படி குற்றம், கொடுக்காவிட்டால் துரோகி. இந்த இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு வாழ்ந்தவர்களை 'அரசியலறிவு அற்றவர்கள்' என்று பின்னாளில் எழுதிய ஆய்வாளர் சிலரை நான் படித்திருக்கிறேன். அவர்கள் அந்த வாயிலில் ஒரு காலை நின்றிருந்தால் வேறு விதமாய் எழுதியிருப்பார்கள்.

ஒற்றாடலில் அரசு தேர்ச்சி பெற்றது மெல்லத்தான். போருக்குப் பின் உளவு பார்த்து வந்த மலாயாப் பாதுகாப்புச் சேவை, அவசரகாலம் தொடங்கிய இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில், கலைக்கப்பட்டது. அப்பணியைக் காவல்துறையின் சிறப்புப் பிரிவு ஏற்றது. 1952இல் டெம்ப்ளர் வந்த பிறகே அப்பிரிவு தனிக்கிளையாகத் தலையெடுத்தது. படை காட்டைச் சல்லடையிட்டுத் தேடுவதால் பயன் சிறிது. காட்டுக்குள் இருப்பவன் எவன், அவன் தம்பி எங்கே, அவன் கடிதம் எம்மரத்தடியில் வைக்கப்படுகிறது என்று அறிவதால் பயன் பெரிது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். காட்டுக் கூட்டங்கள் தமக்குள் பேசிக்கொண்டது கடிதத்தின் வழியேதான். சிறு தாளில் நுணுக்கி எழுதிச் சுருட்டிய ஓலை, கை மாறிக் கை மாறி, பல வாரம் கழித்துச் சேரும். ஓலை கொண்டு செல்பவனைத் திருப்பிவிட்டால் போதும். ஒரு படைப்பிரிவு செய்ய முடியாததை அவன் செய்வான். பிடிபட்டவர், சரணடைந்தவர் ஆகியோரைக் கொண்டே 1953இல் ஒரு தனித் தொண்டர் படையையும் அமைத்தார்கள். நேற்றைய சீருடையைக் கழற்றி இன்றைய சீருடையை அணிந்தவர்கள், பழைய தோழரைத் தேடிக் காட்டுக்குள் சென்றார்கள்.

கட்சிக்கு ஒற்றாடலின் கசப்பு அதற்கு முன்பே தெரியும். அதன் பொதுச் செயலாளராக இருந்த லாய் டெக் ஒரு வியட்நாமியர். பிரெஞ்சுக்காரருக்கு ஒற்றராயிருந்து, சிங்கப்பூரில் பிரிட்டிஷாருக்கு ஒற்றராகிக் கட்சிக்குள் நுழைந்து, அதன் உச்சிக்கே ஏறியவர். 1942இல் ஜப்பானியரின் கெம்பெய்தாய்ப் படையிடம் பிடிபட்டதும் அவர்களுக்கும் ஒற்றரானார். 1942 செப்டம்பர் 1ஆம் நாள், நமக்கெல்லாம் முருகன் கோயிலால் அறிமுகமான பத்துமலைப் பகுதியில், கட்சித் தலைவர்களும் கெரில்லாத் தலைவர்களும் கூடிய இரகசியக் கூட்டத்தை ஜப்பானியர் சுற்றி வளைத்து அழித்தனர். கூட்டத்தைக் கூட்டிய லாய் டெக் மட்டும் வரவில்லை. அப்போதும் அவர்மேல் ஐயம் உறுதிப்படவில்லை. 1947 மார்ச்சில் தம்மை விசாரிக்க இருந்த கூட்டத்திற்கு வாராமல், கட்சிப் பணத்தோடு மறைந்தார். அவ்வாண்டே பாங்காக்கில் கொல்லப்பட்டார். அவர் இடத்திற்கு இருபதுகளின் தொடக்கத்திலிருந்த சின் பெங் வந்தார். ஓர் ஒற்றன் சொல்லை மற்றோர் ஒற்றனால் ஒப்பு நோக்குக என்பது வள்ளுவர் விதி. ஒருவர் சொல்லே கட்சியின் சொல் என்று வைத்துக்கொண்டவர்கள் அவ்விதியின் விலையைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் தொடங்கிய போர், தலைவரே பகைவரின் ஆளாயிருந்த அதிர்ச்சியிலிருந்து முற்றும் மீளாத ஓர் அமைப்பு தொடங்கிய போர் என்பதை மறத்தலாகாது.

ஜொகூர் மண்ணில் இப்போரின் ஆறாத வடு புக்கிட் கெப்போங். மூவார் ஆற்றங்கரையில் மரத்தால் கட்டிய சிறு காவல் நிலையம் அது. 1950 பிப்ரவரி 23ஆம் நாள் விடியுமுன் பெருங்கூட்டம் ஒன்று அதைச் சூழ்ந்தது. சார்ஜன் ஜமீல் தலைமையில் இருந்த மலாய்க் காவலர்கள் பணிய மறுத்தனர். சண்டை பல மணி நேரம் நடந்தது; நிலையம் எரிந்தது; காவலர் பலரோடு அவர்தம் மனைவியரும் பிள்ளைகளும் மாண்டனர். தாக்கியவர்களுக்குத் தலைவராகச் சொல்லப்படும் முகம்மது இந்திரா, மாட் இந்திரா என்று மக்கள் வழங்குபவர், 1952இல் பிடிபட்டு 1953 ஜனவரி 30ஆம் நாள் தைப்பிங் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அறிமுகமானவர்கள் அளித்த உணவில் மயக்கமருந்து கலந்து அவரைப் பிடித்தனர் என்பது மூவார்ப் பக்கத்தில் வழங்கும் செய்தி. அதுவும் ஒற்றே.

1981இல் ஜின்ஸ் ஷம்சுதீன் இந்நிகழ்ச்சியைப் 'புக்கிட் கெப்போங்' என்னும் படமாக எடுத்தார். தலைமுறை தலைமுறையாக இந்நாட்டு மக்கள் அவசரகாலத்தைக் கண்ணால் கண்டது அப்படத்தின் வழியே. முப்பதாண்டு கழித்து, 2011 ஆகஸ்டில், அரசியல்வாதி முகம்மது சாபு மாட் இந்திராவைப் பிரிட்டிஷாரை எதிர்த்த வீரர் என்னும் பொருள்படப் பேசினார். நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. அவர்மேல் வழக்கும் தொடுக்கப்பட்டது. அவரே 2018இல் நாட்டின் தற்காப்பு அமைச்சரானார். என் கருத்தைக் கேட்டால், காவலர் குடும்பங்கள் எரிந்த அந்த விடியலை எந்தக் கொள்கையாலும் கழுவ முடியாது என்பேன். ஆனால் அந்தக் காவலர்கள் யாருடைய ஆட்சியைக் காத்து நின்றார்கள் என்னும் கேள்வியை எழுப்புவதே குற்றம் என்பதையும் ஏற்க இயலாது. வரலாற்று வகுப்பு இவ்விரண்டையும் ஒரே நாளில் பேசும் துணிவுடையதாக இருக்க வேண்டும்.

இனி, திரைப்படக்காரர் எவரும் துணிந்து எழுதாத கதைக்கு வருவோம்.

1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றது. மூன்று நாள் கழித்துத் துங்கு அப்துல் ரகுமான் அரசு காட்டிலிருந்தோருக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தது. ஆண்டிறுதிவரை என்று சொன்ன தவணை பிறகு 1958 ஜூலை 31 வரை நீட்டிக்கப்பட்டது. அவ்வேளையில் தென் மலாயாவில் கட்சிப் பணியகத்திற்குத் தலைவராக இருந்தவர் ஹோர் லுங். ஜொகூர்க் காட்டில் இருந்த ஒவ்வொரு சிறு கூட்டத்திற்கும் இறுதி ஆணை அவரிடமிருந்தே செல்லும். 1958 ஏப்ரல் 5ஆம் நாள், சிகாமட் பகுதியில் ஒரு காவல் நிலையத்திற்கு அவர் தாமே நடந்து வந்து சரணடைந்தார்.

இது பெருஞ்செய்தி. மறுநாள் எல்லாச் செய்தித்தாள்களிலும் தலைப்பாக வந்திருக்க வேண்டும். ஒரு தாளிலும் வரவில்லை. சிறப்புப் பிரிவு அதை மறைத்தது. மறைத்ததன் காரணத்தை எண்ணிப் பார்த்தால் ஒற்றாடலின் உயிர்நிலை விளங்கும். தலைவர் சரணடைந்தார் என்று தெரிந்தால் ஒவ்வொரு கூட்டமும் அன்றே பாசறையை மாற்றும், ஓலை வைக்கும் மரத்தை மாற்றும், தூதரை மாற்றும், அவர் அறிந்ததெல்லாம் ஒரே நாளில் பழங்கணக்காகிவிடும். தெரியாதவரை அவர் சொல் காட்டில் செல்லும் நாணயம். ஆதலின் ஹோர் லுங் காவல் நிலையத்திற்கு வந்தவழியே மீண்டும் காட்டுக்குள் சென்றார். தலைவராகவே சென்றார். ஒவ்வொரு கூட்டத்தையும் கண்டு, போர் முடிந்தது, வெளியே வாருங்கள் என்றார். வந்தவர்களும் மறைத்தே வைக்கப்பட்டனர். அடுத்த கூட்டம் அறியலாகாது அன்றோ? இவ்வாறு நான்கு மாதங்கள். வெளியே வந்தவர் 160 பேர். அவர்களுள் பொறுப்புடைய பதவியில் இருந்தவர் 28 பேர். ஆகஸ்டில் துங்கு இதனை நாட்டுக்கு அறிவித்தபோது, தென் மலாயாவில் கட்சியின் கட்டமைப்பு ஏறக்குறைய இல்லாமற் போயிருந்தது. பிரிக்ஸ் தம் திட்டத்தைத் தொடங்கிய மாநிலத்தில் எட்டாண்டு முள்வேலி செய்ய முடியாததை, பெயர் மாறாமல் மனம் மாறிய ஒருவர் செய்து முடித்தார்.

மாறுவேடம் என்றால் பொய்த் தாடியும் பொய்ப் பெயரும் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஹோர் லுங் எதையும் அணியவில்லை. அதே முகம், அதே குரல், அதே பதவி. அகம் மட்டுமே வேறு. 'விஸ்வரூப'த்து நடன ஆசிரியர் தம் உண்மை முகத்தை மறைத்தார். இவரோ தம் உண்மை முகத்தையே மறைப்பாக அணிந்தார். இதனைக் கதையில் எழுதினால் நம்பத்தகாதது என்று திறனாய்வாளர் குறை கூறியிருப்பர்.

இது துரோகமா, அருளா? அவர் சொல்லை நம்பி வந்தவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்பது உண்மை. அந்த 160 பேரும் அடுத்த ஆண்டு பதுங்கித் தாக்குதலில் விழாமல் உயிரோடு வெளிவந்தார்கள் என்பதும், அவர்களால் விழக்கூடிய தோட்டக் காவலரும் தொழிலாளரும் உயிர் தப்பினார்கள் என்பதும் உண்மை. ஏமாற்றினார் என்று நானும் சொல்வேன். ஆனால் அந்த ஏமாற்றில் வெளியே வந்தவர்களின் தாய்மார் அவரைத் துரோகி என்று சொல்லியிருப்பார்களா என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன்.

பரிசுப் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். அரசு அந்நாளில் தலைகளுக்கு விலைப்பட்டியல் வெளியிட்டது. சின் பெங்கை உயிரோடு கொணர்ந்தால் 250,000 வெள்ளி என்று துண்டுத்தாள்கள் வானூர்தியிலிருந்து மழையாய்ப் பெய்தன. சாதாரண ஆளுக்கும் ஒரு விலை இருந்தது. தோழரை வெளியே கொணர்ந்த தோழருக்கும் பணம் உண்டு. விலைப்பட்டியல் பகிரங்கம், பணம் பெற்றவர் பெயர் மறைவு. முன்னே நினைவில் இருத்தச் சொன்ன குறளை இனி நினைத்துக்கொள்க. அதைப் படித்துத்தான் சிறப்புப் பிரிவு நடந்தது என்று சொல்லும் அளவுக்கு நான் துணியவில்லை. தொழில் ஒன்றாயின் அறமும் ஒன்றாகும் போலும்.

இத்துண்டுத்தாள் வேலையை 1950இல் ஒழுங்குபடுத்த வந்தவர் பி.பி.சி.யைச் சேர்ந்த ஹியூ கார்ல்டன் கிரீன். பிற்காலத்தில் அந்நிறுவனத்திற்கே தலைவரானவர். அவரைப் பார்க்க அவ்வாண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து, காட்டிலும் நடந்து பார்த்த தமையனார், உளவுக் கதைகளுக்குப் புகழ்பெற்ற கிரஹாம் கிரீன். ஹோர் லுங் ஜொகூர்க் காட்டில் உலவிய அதே 1958இல் கிரஹாம் கிரீன் ஒரு நாவல் வெளியிட்டார்: ஹவானாவில் ஒரு துப்புரவுக் கருவி வியாபாரி, பணத்திற்காகப் பொய் அறிக்கைகளைப் புனைந்து இலண்டனுக்கு அனுப்ப, மேலிடம் அவற்றை மெய்யென்று நம்பும் எள்ளற் கதை. மலாயாவில் அந்த எள்ளலுக்கு இடமில்லாமல் இல்லை. பழம்பகையைத் தீர்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டான் பெயரைச் சொன்னவரும் உண்டு. விசாரணையின்றித் தடுத்து வைக்கவும் நாடு கடத்தவும் சட்டம் இடங்கொடுத்த காலம் அது. சீனத்திற்குக் கப்பலேற்றப்பட்டவர் ஆயிரக்கணக்கானோர். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவரும் உண்டு.

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் நீங்கியது. சட்டங்கள் பல மாறின. வேலிகள் துருப்பிடித்துப் போயின. அடையாள அட்டை மட்டும் போகவில்லை. காட்டானையும் ஊரானையும் பிரிக்கப் பிறந்த அட்டை, விடுதலைக்குப் பின் குடிமகனையும் குடிமகனல்லாதவனையும் பிரிக்கும் அட்டையாயிற்று. குடிமகனுக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு. தோட்ட இலயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்பைப் பதிவு செய்யாமல் வளர்ந்து, அறுபதாண்டு இந்நாட்டு மரங்களையே வெட்டி, இறுதிவரை சிவப்பு அட்டையோடு வாழ்ந்து மறைந்த தமிழ்ப் பாட்டிகளை ஜொகூர்த் தோட்டப்புறங்களில் பணியாற்றிய ஆசிரியர் எவரும் அறிவர். பள்ளிப் பதிவேட்டில் பேரப்பிள்ளையின் பெயரை எழுத வரும்போது அவர்கள் நீட்டும் அட்டையின் நிறம் முதலில் கண்ணில் படும்.

சின் பெங் 1955 டிசம்பர் 28ஆம் நாள் பாலிங்கில் துங்குவோடு பேச வந்தபோதுதான் உலகம் அவர் முகத்தைக் கண்டது. பேச்சு முறிந்து, அவர் தாய்லாந்து எல்லைக்குச் சென்று, பின்னர்ப் பெய்ஜிங்கில் பல்லாண்டு வாழ்ந்தார். 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹாட்யாயில் மலேசிய, தாய்லாந்து அரசுகளோடு அமைதி உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். அதன்படித் தம்மைத் தாய்நாடு திரும்ப விட வேண்டும் என்று அவர் வழக்குத் தொடுத்தார். பேராக் மாநிலத்துச் சித்தியவானில் பிறந்தவர் என்பது உலகறிந்தது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பிறப்புச் சான்றிதழையும் குடியுரிமைச் சான்றிதழையும் காட்டுக என்றது. அவை 1948இல் காவலர் சோதனையின்போது கைப்பற்றப்பட்டுவிட்டன என்று அவர் தரப்பு கூறியது. 2009 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் மறுத்துவிட்டது. 2013 செப்டம்பர் 16ஆம் நாள், மலேசிய நாள் அன்று, அவர் பாங்காக்கில் இறந்தார். காவல்துறை அவர் தலைக்கு விலை வைத்தபோது துண்டுத்தாள்களில் அச்சிட்ட சின் பெங் என்னும் பெயர் கட்சிப் பெயர். அந்தப் பிறப்புச் சான்றிதழில் இருந்திருக்க வேண்டிய பெயர் ஓங் பூன் ஹுவா.